அப்ரைசல் படிவத்தில் என்ன எழுதுவது? சிங்கப்பூரில் முதல் வேலையில் இருப்பவர்களுக்கு

நவம்பர் பிறந்ததும் ஹெச்ஆரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும்: சுய மதிப்பீட்டுப் படிவத்தை இரண்டு வாரத்துக்குள் நிரப்பி அனுப்பவும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் என்றால் எதை எழுதுவது, எவ்வளவு எழுதுவது, எதற்காக நம்மையே கேட்கிறார்கள் என்று ஒன்றும் பிடிபடாது. பக்கத்து மேசையில் கேட்டால், "ரெண்டு வரி எழுதிப் போடுங்க, முடிவெல்லாம் எப்பவோ எடுத்தாச்சு" என்பார்கள். நானும் முதல் வருடம் அதை நம்பி, கொடுத்த வேலைகளைச் சரியாகச் செய்தேன் என்று ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதி அனுப்பினேன். ஐந்துக்கு மூன்று வந்தது. அடுத்த வருடமும் அதே வரி, அதே மூன்று.

அது எவ்வளவு பெரிய தப்பு என்று புரிந்தது, நானே மற்றவர்களுக்கு மதிப்பெண் போடும் இடத்துக்கு வந்த பிறகுதான். ஜூரோங் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஏழு பேருக்கு மேற்பார்வையாளர் ஆகியிருந்தேன். ஏழு படிவங்களையும் எடுத்துக்கொண்டு மாடரேஷன் கூட்டத்துக்குப் போனேன். எல்லாப் பிரிவுத் தலைவர்களும் ஹெச்ஆரும் உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன ரேட்டிங் என்று வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிற கூட்டம் அது. ஒரு பெயருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். என் குழுவில் ஒரு அக்கா இருந்தார், சத்தமே இல்லாமல் வேலை செய்பவர், உள்ளே வரும் சரக்கில் காலாவதித் தேதி தவறாக ஒட்டியிருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது. அவருக்கு நான் நான்கு போட்டிருந்தேன். ஏன் நான்கு என்று கேட்டார்கள். அவருடைய படிவத்தைப் பார்த்தேன், 'எல்லா வேலைகளும் நல்லபடியாக முடிந்தன' என்று மட்டும் இருந்தது. எனக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது "ரொம்ப நல்லா வேலை செய்வாங்க" என்பதுதான். மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். வெளியே வந்து பதிவேட்டைப் புரட்டினால், அந்த ஒரு வருடத்தில் அவர் பிடித்த தவறுகள் பதினாறு, தேதியோடு இருந்தன. நான் அதைப் பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும், அது என் தவறு. ஆனால் அந்தப் பதினாறை அவர் ஒரு வரியில் எழுதியிருந்தால் நான் அப்படியே வாசித்திருப்பேன்.

அதனால் கீழே நான் சொல்வதெல்லாம் ஒரே புள்ளியிலிருந்து வருகிறது. நீங்கள் இல்லாத ஓர் அறையில் உங்கள் மேலாளர் உங்களுக்காகப் பேச வேண்டியிருக்கும். அவர் பேசவேண்டிய வரிகளை எழுதிக் கொடுக்கக் கிடைத்த இடம்தான் அந்தப் படிவம்.

படிவம் போகும் வழி

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு வைக்கும் நிறுவனங்களில் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் படிவம் வரும், ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு என்றால் பிப்ரவரி, மார்ச் வாக்கில். நீங்கள் எழுதியது மேலாளருக்குப் போகும், அவர் தன் கருத்தையும் மதிப்பெண்ணையும் சேர்ப்பார், பிறகு நான் சொன்ன மாடரேஷன் கூட்டம், அதற்கப்புறம் பட்ஜெட், கடைசியில் உங்கள் கையில் ஒரு கடிதம். சில இடங்களில் கூட்டத்துக்கு முன்பே மேலாளர் உங்களோடு பேசுவார், சில இடங்களில் எல்லாம் முடிந்த பிறகு. உங்கள் இடத்தில் எது என்று இப்போதே கேட்டு வையுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

இதில் பணம் எங்கே இருக்கிறது என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பதின்மூன்றாம் மாதச் சம்பளம் என்று நாம் சொல்கிற ஏடபிள்யூஎஸ், சட்டப்படி கட்டாயம் இல்லை. உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதற்கு மேல் வரும் போனஸும் வருடாந்திர சம்பள உயர்வும்தான் ரேட்டிங்கோடு ஒட்டிக்கொண்டு போகும். 1972இல் அமைக்கப்பட்ட தேசிய சம்பள மன்றம் ஒவ்வோர் ஆண்டும் சம்பள உயர்வு பற்றிப் பரிந்துரை வெளியிடுகிறது, அது பொதுவான வழிகாட்டி. உங்கள் பெயருக்கு நேரே எவ்வளவு என்பது உங்கள் நிறுவனத்துக்குள்தான் முடிவாகும். எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியில், இருப்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் மாதம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நிதித்துறையில் 6,200, வயது கூடக் கூட அந்த எல்லையும் கூடும். பாஸைப் புதுப்பிக்கும்போது சம்பளம் அதற்கு ஈடாக வளர்ந்திருக்க வேண்டும், ஆகவே இரண்டு வரி எழுதிப் போடு என்கிற பேச்சு உங்களுக்கு ஒத்துவராது.

வெள்ளிக்கிழமை பத்து நிமிடம்

நவம்பரில் உட்கார்ந்து ஜனவரியை யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. கடைசி ஆறு வாரத்தில் நடந்ததுதான் வரும். மேலாளருக்கும் அதேதான். மார்ச்சில் நீங்கள் இரண்டு வாரம் தூங்காமல் வேலை பார்த்திருந்தாலும், அக்டோபரில் ஒருநாள் மின்னஞ்சலுக்குத் தாமதமாகப் பதில் போட்டதுதான் அவர் மனதில் நிற்கும். இதற்கு மருந்து ஒன்றே ஒன்றுதான், அவ்வப்போது குறித்து வைப்பது.

நான் செய்வது இது. வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போகும் எம்ஆர்டி ரயிலில், பூன் லேயிலிருந்து கிளம்பினால் எனக்கு முக்கால் மணி நேரப் பயணம், அதில் பத்து நிமிடம். கைபேசிக் குறிப்பில் மூன்று கேள்வி: இந்த வாரம் எதை முடித்தேன், எதைச் சரிசெய்தேன், யார் என்னிடம் உதவி கேட்டு வந்தார்கள். மூன்றாவது கேள்வியை யாரும் குறிப்பதில்லை, ஆனால் வருடக் கடைசியில் அதுதான் பொன்னாக இருக்கும், ஏனென்றால் உங்களை எந்த விஷயத்துக்கு மற்றவர்கள் நம்புகிறார்கள் என்று அதில் தெரிந்துவிடும். ஒன்றும் இல்லாத வாரம் ஒன்றும் எழுத வேண்டாம்.

சொந்தக் கைபேசியில் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. வாடிக்கையாளர் பெயர், நோயாளி விவரம், விலைப்பட்டியல், இதெல்லாம் வேண்டவே வேண்டாம். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம், நிறுவனத்தின் ரகசியக் காப்பு விதி இன்னொரு பக்கம். 'மார்ச் 14, பெரிய ஏற்றுமதி, லேபிள் பிழை, இரண்டு மணி நேரத்தில் சரி' என்ற அளவில் இருந்தால் போதும், உங்களுக்குப் புரியும், வேறு யாருக்கும் எதுவும் கசியாது. பாராட்டி வரும் மின்னஞ்சல்களை அலுவலக அஞ்சலிலேயே ஒரு தனி ஃபோல்டர் போட்டு அதில் தள்ளிவிடுங்கள்.

இதைப் படிக்கும்போதே நவம்பர் வந்துவிட்டது, குறிப்பு ஒன்றும் இல்லை என்றால்? காலண்டரைத் திறங்கள். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு வாரமாக, என்னென்ன கூட்டம் இருந்தது என்று பாருங்கள். பிறகு அனுப்பிய மின்னஞ்சல்கள், வந்தவை வேண்டாம், நீங்கள் அனுப்பியவை. அப்புறம் வேலைக் கோரிக்கை டிக்கெட், பதிவேடு, ஷிப்ட் ரோஸ்டர். ஒரு சனிக்கிழமை மதியம் போதும், வருடத்தில் முக்கால்வாசி திரும்பி வந்துவிடும்.

எழுத உட்காரும் முன்

படிவத்தை முழுதாக ஒருமுறை படியுங்கள். பிறகு வருட ஆரம்பத்தில் உங்களுக்குக் கொடுத்த இலக்குகளை, கேபிஐ என்பார்கள், எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அந்த இலக்கில் என்ன சொல் இருக்கிறதோ அதே சொல்லை நீங்களும் பயன்படுத்துங்கள். மேலாளரும் ஹெச்ஆரும் அந்தச் சொல்லைத்தான் தேடுவார்கள். இலக்கு எதுவும் எழுத்தில் கொடுக்கவில்லையா? சிறு நிறுவனங்களில் இது சகஜம். அப்படியென்றால் உங்கள் வேலை விளம்பரம் அல்லது நியமனக் கடிதத்தில் இருக்கும் பொறுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் வேலை மாறியிருந்தால், ஆள் குறைந்து இரண்டு பேர் வேலையை நீங்கள் பார்த்திருந்தால், அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். புகாராக வேண்டாம், தகவலாக: 'ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டு பேருடைய ரூட்டையும் நான் பார்த்தேன்.' பேறுகால விடுப்பிலோ தேசிய சேவைப் பயிற்சியிலோ சில வாரங்கள் இல்லாமல் இருந்தவர்களும் அப்படியே. எத்தனை மாதம் வேலையில் இருந்தீர்கள், அந்த மாதங்களில் என்ன செய்தீர்கள் என்று கணக்கைத் தெளிவாக வைத்தால், முழு வருடம் இருந்தவரோடு உங்களை நேருக்கு நேர் ஒப்பிடுவது குறையும்.

எல்லாவற்றையும் எழுதவும் வேண்டாம். ஐந்து, மிஞ்சினால் ஆறு விஷயம். இருபது எழுதினால் மேலாளர் எதைத் தூக்கிப் பேசுவது என்று தெரியாமல் எதையுமே பேச மாட்டார்.

ஒரு விஷயத்தை எழுதும் முறை

இதில்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு விஷயத்துக்கும் நான்கு பதில் வேண்டும். முன்பு எப்படி இருந்தது, நான் என்ன செய்தேன், இப்போது எப்படி இருக்கிறது, அது எனக்கு எப்படித் தெரியும். நான்காவதை விட்டுவிட்டால் முதல் மூன்றும் வெறும் பேச்சாகிவிடும்.

ஒரு எடுத்துக்காட்டு. என் குழுவில் இருந்த ஒரு தம்பி, நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர், முதலில் எழுதிக் கொடுத்தது: 'சரக்கு அனுப்பும் ஆவணங்களைத் திறம்படக் கையாண்டேன்.' இதைப் படித்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. உட்கார்ந்து பேசினோம். என்ன செய்தாய் என்று கேட்டேன். ஒரு ஏற்றுமதிக்கான காகிதங்களைத் தயார் செய்ய நாற்பது நிமிடம் ஆகும், ஒரே விவரத்தை நான்கு இடத்தில் தட்டச்சு செய்ய வேண்டும், அவர் எக்செலில் ஒரு படிவம் போட்டு ஒரே இடத்தில் நிரப்பினால் மற்ற மூன்றிலும் தானாக வரும்படி செய்திருக்கிறார், இப்போது பதினைந்து நிமிடம். வாரத்துக்கு இருபது ஏற்றுமதி. ஒன்றுக்கு இருபத்தைந்து நிமிடம் மிச்சம் என்றால் வாரத்துக்கு ஐந்நூறு நிமிடம், அதாவது எட்டு மணி நேரத்துக்கு மேல், ஒரு ஆளின் ஒரு முழு நாள். இதைத்தான் அவர் 'திறம்பட' என்ற ஒரு சொல்லுக்குள் போட்டு மூடியிருந்தார். திருத்தி எழுதியது: 'ஏற்றுமதி ஆவணங்களுக்கான எக்செல் படிவத்தை ஏப்ரலில் நான் உருவாக்கினேன். ஒன்றுக்கு நாற்பது நிமிடம் ஆனது பதினைந்தாகக் குறைந்தது, வாரம் இருபது ஏற்றுமதிக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். ஷிப்டில் உள்ள மற்ற மூவரும் இப்போது இதையே பயன்படுத்துகிறார்கள்.' அதை நான் கூட்டத்தில் ஒரு எழுத்து மாற்றாமல் வாசித்தேன்.

என் வேலையில் எண்ணே இல்லையே என்று கேட்பவர்கள் நிறையப் பேர், முக்கியமாகப் பாலர் பள்ளி ஆசிரியர்கள், வரவேற்பாளர்கள், தாதியர். எண் என்றால் சதவீதம் என்று நினைக்காதீர்கள். எத்தனை முறை, எத்தனை பேர், எவ்வளவு நேரம், எத்தனை நாள் தாமதமில்லாமல், எதைத் திரும்பச் செய்ய வேண்டி வரவில்லை, இவை எல்லாம் எண்தான். புதிதாகச் சேர்ந்த இரண்டு தாதியருக்கு முதல் மாதம் முழுக்க நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள் என்றால் அது ஒரு எண். மாண்டரின் மட்டும் பேசும் தாத்தாவுக்கும் தமிழ் மட்டும் பேசும் பாட்டிக்கும் நடுவில் வார்டில் மொழி பெயர்க்க உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றால் மாதத்துக்கு எத்தனை தடவை என்று சொல்லுங்கள். உண்மையிலேயே எண் இல்லாத இடத்தில் ஒரு சம்பவத்தை எழுதுங்கள், தேதியோடு, நான்கு வரியில். ஆனால் எண்ணைக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரே ஒரு எண் தப்பு என்று கூட்டத்தில் தெரிந்தால் மற்ற ஐந்தும் சேர்ந்து விழும், அதோடு உங்களுக்காகப் பேசிய மேலாளருக்கும் தலைகுனிவு.

முடிந்தது, முடித்தேன்

இது நம்மவர்களுக்கென்று நான் சொல்ல விரும்பும் விஷயம், பல வருடம் கவனித்துத் தெரிந்துகொண்டது. தமிழில் நாம் வேலையைப் பற்றிப் பேசும்போது ஆளை மறைத்துப் பேசுகிறோம். "வேலை முடிஞ்சிருச்சு", "பிரச்சினை தீர்ந்திருச்சு", "கணக்கு சரியாயிருச்சு". யார் முடித்தது, யார் தீர்த்தது? வேலை தானாக முடிந்துவிடுவதுபோல. பேச்சில் இது அழகு, நான்தான் செய்தேன் என்று சொல்லாமல் சொல்கிற பண்பு அதில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடேயே ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது, ஆள் இல்லாத வாக்கியங்களாக வந்து விழுகின்றன, இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் நாங்கள், நாங்கள் என்று வருகிறது. அந்த அக்கா எழுதிய 'எல்லா வேலைகளும் முடிந்தன' இப்படி வந்ததுதான்.

அதனால் ஒரு பயிற்சி. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். வினைச்சொல் தன்வினையா பிறவினையா? முடிந்தது என்றால் முடித்தேன் என்று மாற்றுங்கள், தீர்ந்தது என்றால் தீர்த்தேன், திருந்தியது என்றால் திருத்தினேன். மாற்றும்போது பொய்யாகத் தோன்றினால், அதாவது உண்மையில் நீங்கள் தனியாக முடிக்கவில்லை என்றால், அப்போது உங்கள் பங்கு எது என்று பிரித்துச் சொல்லுங்கள்: 'நால்வர் குழுவில் சோதனைப் பட்டியலைத் தயாரித்தது நான், இரவில் ஓட்டிப் பார்த்ததும் நான்.' கூட இருந்தவர் பெயரையும் போடுங்கள். கூட்டாளி பெயரை மதிப்போடு எழுதுகிறவரை யாரும் தற்பெருமைக்காரர் என்று சொல்வதில்லை, நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

உண்மையைத் தேதியோடு சொல்வதில் பெருமையடித்தல் எங்கே இருக்கிறது? 'நான் மிகச் சிறந்த ஊழியர்' என்பதுதான் பெருமை. 'பதினாறு தவறுகளைப் பிடித்தேன்' என்பது கணக்கு.

ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் முதலில் ஒரு நண்பரிடம் தமிழில் வாயாலேயே சொல்லிப் பாருங்கள், அதைக் கைபேசியில் பதிவு செய்து, பிறகு எளிய, சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக எழுதுங்கள். சாட்ஜிபிடி மாதிரி செயலிகளில் கொடுத்து மெருகேற்றுகிறவர்கள் நிறைய. இலக்கணத்துக்குச் சரி, ஆனால் நிறுவன விவரங்களை அதில் கொட்டாதீர்கள், திரும்பி வந்ததில் உங்கள் எண்ணும் தேதியும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். வழவழப்பான வாக்கியம் வந்து நாற்பது நிமிடம் காணாமல் போயிருந்தால் உங்களுக்கு நஷ்டம்.

எத்தனை மதிப்பெண் போடுவது

எல்லாவற்றுக்கும் ஐந்து போடுகிறவரும் உண்டு, பயந்துபோய் எல்லாவற்றுக்கும் மூன்று போடுகிறவரும் உண்டு. நம் ஊர்க்காரர்களில் நான் அதிகம் பார்த்தது இரண்டாவது வகை. இது ஆசியாவில் பலருக்கும் பொதுவானது போலிருக்கிறது. 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தைவான் ஊழியர்கள், மேலாளர் போட்டதைவிடத் தங்களுக்குக் குறைவாகவே போட்டுக்கொண்டார்கள் என்று தெரிந்தது, அமெரிக்காவில் வழக்கமாகக் காண்பது அதற்கு நேர்மாறு. இங்கே ஒரே மேசையில் பல நாட்டுக்காரர்கள் இருக்கிறோம். பக்கத்தில் இருப்பவர் தயக்கமில்லாமல் நான்கு போடுகிறார், நீங்கள் அதே வேலைக்கு மூன்று போடுகிறீர்கள், மேலாளர் படிவத்தைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்த எண்தான். நீங்களே மூன்று என்று சொன்ன பிறகு நான்குக்காக யார் வாதாடுவார்?

முதலில் ஒவ்வொரு எண்ணுக்கும் படிவத்தில் என்ன விளக்கம் இருக்கிறது என்று படியுங்கள். பல நிறுவனங்களில் மூன்று என்றால் எதிர்பார்த்ததை நிறைவேற்றினார் என்று பொருள், அது மோசமான மதிப்பெண் இல்லை, முதல் வருடத்தில் அது நல்ல மதிப்பெண். எங்கே எதிர்பார்ப்பைத் தாண்டினீர்களோ அந்த வரிக்கு மட்டும் நான்கு போட்டு, அதற்குக் கீழேயே சான்றை எழுதுங்கள். பள்ளி ஆசிரியர்கள்போல ஏ, பி, சி என்று தரம் வாங்குகிறவர்கள் தாங்களே தரம் போட வேண்டியிருக்காது, ஆனால் எழுதுகிற பகுதி உண்டு, அங்கே இதே முறைதான்.

குறை கேட்கும் கட்டம்

'எதில் முன்னேற வேண்டும்?' என்ற கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள், அளவுக்கு மேல் உழைக்கிறேன் என்றும் எழுதாதீர்கள், அதை யாரும் நம்புவதில்லை. உண்மையான ஒன்று, அதற்கு இப்போதே என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பது, அவ்வளவுதான். 'பெரிய கூட்டங்களில் பேசத் தயங்குகிறேன், ஆகஸ்டிலிருந்து வாராந்திர அறிக்கையை நானே வாசிக்கிறேன்.'

வருடத்தில் ஒரு பெரிய தவறு நடந்திருந்தால் அதை மேலாளர் எழுதுவதற்கு முன் நீங்களே எழுதுங்கள். என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள், மறுபடி நடக்காமல் இருக்க என்ன வைத்தீர்கள். ஒளித்து வைத்தால் அந்த அறையில் வேறு யாராவது எடுத்துச் சொல்வார்கள், அப்போது உங்கள் மேலாளரிடம் பதில் இருக்காது.

பயிற்சி கேட்கவும் இதுதான் இடம். எந்தப் பயிற்சி, எவ்வளவு கட்டணம், எந்த வேலைக்கு உதவும் என்று குறிப்பாகக் கேளுங்கள். 25 வயதை எட்டிய சிங்கப்பூரர்களுக்குப் பயிற்சிக் கட்டணத்துக்கென்று அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை 500 வெள்ளி இருக்கிறது, 40 வயதை எட்டியவர்களுக்கு 2024 மே முதல் கூடுதலாக 4,000 வெள்ளி. வேலை அனுமதியில் இருக்கிறவர்களுக்கு இது கிடையாது, ஆகவே அவர்கள் நிறுவனச் செலவில் கேட்பதுதான் வழி, கேட்காவிட்டால் யாரும் தானாகத் தரமாட்டார்கள்.

அந்த அரை மணி நேரம்

பேச்சுக்குக் கூப்பிடுவார்கள். இங்கே மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் பல அலுவலகங்களில் வழக்கம். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அது ஒட்டாது, சார், மேடம் என்றே வாய் வரும், பரவாயில்லை, எப்படிக் கூப்பிட்டாலும் சரி. ஆனால் "ஓகே சார், தேங்க்யூ சார்" என்று ஐந்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடாதீர்கள். அந்த அரை மணி நேரம் உங்களுடையது.

மூன்று கேள்வி கொண்டு போங்கள். இந்த வருடம் நான் செய்ததில் உங்களுக்கு மிகவும் உபயோகமாக இருந்தது எது? அடுத்த வருடம் நான்கு வாங்க என்ன செய்திருக்க வேண்டும், ஒரு எடுத்துக்காட்டோடு சொல்ல முடியுமா? நான் நிறுத்த வேண்டியது ஏதாவது இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வருட இலக்கு அதிலிருந்துதான் வரப்போகிறது.

குறை சொன்னால் உடனே மறுக்காதீர்கள், உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். எந்தச் சம்பவத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். யோசித்துவிட்டு இரண்டு நாளில் பதில் சொல்கிறேன் என்றால் எந்த மேலாளரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். சம்பளம் பற்றிப் பேச வேண்டுமென்றால் இந்தக் கூட்டத்தின் கடைசியில் அவசரமாகத் திணிக்காமல், தனியாக இன்னொரு நேரம் கேளுங்கள், படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு. வெளியே வந்ததும் அன்றைக்கே ஒரு சின்ன மின்னஞ்சல்: இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இவை, தவறாக இருந்தால் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து மேலாளர் மாறிப் போனாலும் அந்த மின்னஞ்சல் இருக்கும். இங்கே மேலாளர்கள் அடிக்கடி மாறுகிறார்கள்.

கையெழுத்து போடும்போது

கையெழுத்து, பல படிவங்களில், நான் பார்த்தேன் என்பதற்கு மட்டும்தான், ஒப்புக்கொண்டேன் என்பதற்கு அல்ல. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஊழியர் கருத்து என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் கோபம் இல்லாமல் தேதியும் சம்பவமும் மட்டும் எழுதுங்கள். புதியவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தகுதிகாண் காலத்தின் முடிவிலும் இதே மாதிரி ஒரு படிவம் வரும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்தக் காகிதத்துக்கு இன்னொரு பலமும் இருக்கிறது. சரியாக வேலை செய்யவில்லை என்று காரணம் காட்டி ஒருவரை நீக்கினால், அதற்கு நிறுவனம் சான்று காட்ட வேண்டும் என்று தவறான பணிநீக்கம் பற்றிய முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. உங்கள் பழைய மதிப்பீடுகள் இரண்டு பக்கத்துக்கும் சான்று. அப்படி ஒரு நிலை வந்தால், கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் டாடம் என்று சுருக்கமாக அழைக்கப்படும், வேலைத் தகராறுகளுக்கான முத்தரப்பு அமைப்பிடம் முறையிட வேண்டும், அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், வயது, இனம், சமயம், மொழி, குடியுரிமை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு போன்ற காரணங்களுக்காகப் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது, வேலைக்கு எடுப்பதில் மட்டுமல்ல, மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும்கூட. 2027இல் நடைமுறைக்குக் கொண்டுவரத் திட்டம். அதுவரையிலும் நியாயமான வேலை நியமனம் பற்றிய முத்தரப்பு வழிகாட்டுதல்கள் இருக்கின்றன, நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்பு அமைப்பான டாஃபெப்பிடம் ஆலோசனை கேட்கலாம்.

உங்கள் மதிப்பீட்டின் பிரதி ஒன்றை நிறுவன விதி அனுமதிக்கும் முறையில் கேட்டு வாங்கி வையுங்கள், ஹெச்ஆரின் இணைய அமைப்பு, வேலையை விட்ட அன்று மாலையே உங்களுக்கு மூடிவிடும். நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதம், மதிப்பீடு, மூன்றும் ஒரே ஃபைலில். அதற்குப் பின்னால் அடுத்த வருட இலக்குத் தாளையும் செருகி, மார்ச் கடைசியில் மேலாளரிடம் பதினைந்து நிமிடம் கேட்டு, இதில் நான் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று விசாரியுங்கள், நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம்.